தொலைபேசிக் கம்பியிலே தொலைந்த எழுத்துக்கள்

தோற்றுவாய்

நம்மிடையேயுள்ள மூத்தோர் பலர்க்கு ஓரொலி இன்றும் நினைவிலிருத்தல் கூடும். மேசைமீது கணினி, அதனருகே சிறு பெட்டியொன்று. அப்பெட்டி தொலைபேசி இலக்கத்தை அழைத்தபின் கீச்சென்றும் கரகரவென்றும் அரை நிமிட நேரம் இரைந்து, பின்னர் அடங்கும். அடங்கிற்றாயின் இணையத்தின் கதவு திறந்ததென்பது பொருள். இலங்கையில் 1995ஆம் ஆண்டில் வணிகமுறை இணைய சேவை தொடங்கியதன்பின் இவ்வொலியைப் பொறுமையுடன் கேட்டிருந்தோர் பலர். எம்போன்ற இளையோரோ அதனை நேரிற் கேட்டறியோம். ஐக்கிய அமெரிக்காவில் இச்சேவையாற் பெயர் பெற்ற ஏ.ஓ.எல். நிறுவனமும் 2025 செப்டெம்பர் 30ஆம் திகதியோடு அதனை முடித்துக்கொண்டது. ஆகவே தொலைபேசிவழி இணையம் இன்று வரலாற்றுப் பொருளாயிற்று எனலாம்.

வழக்கொழிந்ததொன்றை ஆராய்வதாற் பயன் யாது என்று கேட்போர் உளராகலாம். பயன் உண்டு. அக்காலத்தில் ஒருவர் நூறு எழுத்துக்களை அனுப்ப, மற்றவர்க்குத் தொண்ணூற்றொன்பதே சென்று சேர்ந்த நிகழ்ச்சிகள் மிகப் பல. இடையிற் போன ஓரெழுத்து எங்கே போயிற்று? கணினி செய்தவர், மொடெம் செய்தவர், தொலைபேசிப் பகுதியார், இணைய சேவை வழங்குவோர் ஆகிய ஒவ்வொருவரும், "எம்மிடத்திற் குறையில்லை" என்றனர். பல வேளைகளில் அவர் கூறியது உண்மையுமாம். ஆயினும் எழுத்துத் தொலைந்ததென்பதும் உண்மையே. ஒவ்வொரு பகுதியும் தன் கடமையைச் செய்தும் முழுமை பழுதுபடுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விஞ்ஞானிகளும் தொழில்நுட்பவியலாளரும் படிப்படியாக விடைகண்ட வரலாற்றையே இக்கட்டுரை கூறப்புகுகின்றது.

குரலுக்கென அமைந்த பாதை

தொலைபேசி 1876ஆம் ஆண்டில் தோன்றியது மனிதர் பேசிக்கொள்ளுதற்கே. ஆதலின் அதன் பாதையும் மனிதக் குரலின் அளவுக்கே அமைந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகளே அதன் வழியே நன்கு செல்லும். பேச்சினிடையே கம்பி சிறிது கரகரத்தாலும் கேட்பவர்க்குப் பெருங்குறையில்லை. "நாளை வரு... சங்கத்துக்கு" என்று கேட்டாலும், விடுபட்ட அசையை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். எண்களுக்கோ அவ்வாறு நிரப்பிக்கொள்ளும் மனமில்லை. கணக்கேட்டில் ஓரிலக்கம் கூடின் ஐந்நூறு ஐயாயிரமாகும். அதனைக் கண்டு ஐயுறுவாரும் இரார்.

கணினியின் எண்களை ஒலியாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் அவ்வொலியை மீண்டும் எண்ணாக்குங் கருவியே மொடெம். 1950களின் பிற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் வான்பாதுகாப்பு வலையமைப்பின் பொருட்டு மொடெங்கள் பெருந்தொகையிற் செய்யப்பட்டன. 1962இல் வெளிவந்த பெல் 103 என்னும் மொடெம் இத்துறையில் ஒரு திருப்பம். அழைப்பவர்க்கு இரண்டு தொனிகள், அழைக்கப்படுபவர்க்கு வேறிரண்டு தொனிகள் என வகுத்தமையால், ஒரே கம்பியில் இருதிசையிலும் ஏககாலத்திற் செய்தி சென்றது. வேகம் செக்கனுக்கு 300 பிற்றுக்கள். ஓரெழுத்தை அனுப்ப, தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் உட்படப் பத்துப் பிற்றுக்கள் வேண்டுமாதலின், செக்கனுக்கு முப்பது எழுத்துக்களே சென்றன.

அந்நாளில் தொலைபேசிக் கம்பியிற் பிறருடைய கருவியை நேரே பொருத்துதற்கு அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி இடங்கொடுக்கவில்லை. இத்தடையைச் சுற்றிச் செல்ல ஒரு வழி பிறந்தது. காது கேளாதவரான றொபேட் வைற்பிறெக்ற் என்னும் பௌதிகவியலாளர், காது கேளாதோர் தட்டச்சு மூலம் தொலைபேசியிற் பேசிக்கொள்ளுதற்கென 1964இல் ஓர் ஒலியிணைப்பியை ஆக்கினார். தொலைபேசியின் கைப்பிடியை அதன் இரு கிண்ணங்களில் வைத்துவிட்டாற் போதும், கம்பியைத் தொடவேண்டுவதில்லை. கணினி மொடெங்களும் பின்னர் இம்முறையை மேற்கொண்டன. ஆயின், அறையில் எவரேனும் கதவை அறைந்து சாத்தினால் அவ்வொலியும் கிண்ணத்துட் புகுந்து எழுத்தாக மாறிற்று. 1968இல் கார்ற்றர்போன் வழக்கில் அமெரிக்க அரசின் தொடர்பாடல் ஆணைக்குழு வழங்கிய தீர்ப்பு, பிறர் கருவிகளையும் பொருத்தலாமென வழி திறந்தது. கதவோசை நின்றது, கம்பியின் கரகரப்பு நிற்கவில்லை.

பிழையறியுங் கணக்கு

பிழையை எதிர்த்த போராட்டம் கம்பியிலன்றிக் காகிதத்திலேயே தொடங்கிற்று என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1947இல் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த றிச்சாட் ஹமிங் என்னுங் கணிதவியலாளர், வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும் கணிப்பு யந்திரத்திலே தம் வேலையை இட்டுச் செல்வார். யந்திரம் பிழையொன்றைக் கண்டால் அவ்வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் வேலை நடவாது கிடக்கும். பிழை உண்டென்று காணவல்ல யந்திரம் அஃது எவ்விடத்திலுள்ளதென்று கண்டு தானே திருத்திக்கொள்ளல் ஆகாதோ என அவர் சினந்து சிந்தித்ததன் பயனே 1950இல் வெளிவந்த ஹமிங்கின் திருத்தக் குறிமுறை. இடையே 1948இல் குளோட் ஷனன், இரைச்சலுள்ள பாதையிலும் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குட்பட்டு, பிழையை வேண்டிய அளவு குறைத்து அனுப்பமுடியும் எனக் கணித முறையால் நிறுவினார்.

திருத்துவதிலும் எளியதொரு வழியும் உண்டு. பிழை நேர்ந்ததென்று மட்டும் அறிந்து, "மீண்டும் அனுப்புக" என்று கேட்பதே அது. பிழையறிதற்குரிய சுழற்குறிக் கணக்கை வெஸ்லி பீற்றர்சனும் பிறவுணும் 1961இல் விளக்கியெழுதினர். இன்றுங் கோடிக்கணக்கான கருவிகள் அக்கணக்கினையே செய்துகொண்டிருக்கின்றன.

இந்நுட்பத்தைப் பொதுமக்களின் கையிற் கொடுத்தவர் சிக்காகோவைச் சேர்ந்த வாட் கிறிஸ்ரென்சன். அவர் 1977இல் எழுதிய செய்நிரல் எக்ஸ்மொடெம் எனப் பெயர்பெற்றது. அதன் முறை மிக எளிது. கோப்பு 128 எழுத்துக்கள் கொண்ட கட்டுக்களாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு கட்டின் இறுதியிலும் அதன் எழுத்தெண்களைக் கூட்டிய தொகை வைக்கப்படும். பெறுபவர் தாமுங் கூட்டிப் பார்ப்பார். தொகை ஒத்தால் "பெற்றேன்" என்று ஒரு குறி. ஒவ்வாவிடின் "பெறவில்லை" என்று வேறொரு குறி. "பெற்றேன்" என்ற மறுமொழி வராத வரையில் அனுப்புபவர் அடுத்த கட்டுக்குச் செல்லார். 1978 ஜனவரியிற் சிக்காகோவைப் பெரும் பனிப்புயல் மூடியபோது, கிறிஸ்ரென்சனும் றன்டி சூஸ் என்பவரும் தொலைபேசிவழிக் கணினி அறிவித்தற் பலகையொன்றைத் திட்டமிட்டனர். அஃது அவ்வாண்டு பெப்ரவரி 16ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

எக்ஸ்மொடெத்தின் கூட்டற்றொகையில் ஒரு குறை இருந்தது. 3, 5 என்ற எண்களை 5, 3 என மாற்றி வைத்தாலுங் கூட்டுத்தொகை எட்டே. ஆகவே எழுத்து மாறினால் அது காணும். இரண்டெழுத்து இடம் மாறினாற் காணாது. பின்னர் வந்தோர் சுழற்குறிக் கணக்கைச் சேர்த்து இதனைத் திருத்தினர். 1981இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய கேர்மிற் என்னும் முறையோ, வெவ்வேறு வகைக் கணினிகளிடையே கோப்பனுப்பப் பெரிதும் பயன்பட்டது.

கம்பி திருந்தியும் இழப்பு நீங்கவில்லை

1980களில் மொடெங்களின் வேகம் ஏறிற்று. 1984இல் செக்கனுக்கு 9,600 பிற்று, 1991இல் 14,400, 1994இல் 28,800. ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர் கொற்பிறீட் உங்கர்பெக் 1982இல் வெளியிட்ட குறிமுறை இவ்வேகங்களுக்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. பிழைதிருத்தும் பொறுப்பை மொடெமே ஏற்றமை இதனினும் பெரிய மாற்றம். மைக்கிறோகொம் என்னுங் கம்பனி இதற்கு வழிகாட்டிற்று. 1988இல் வி.42 என்னும் சர்வதேச நியமம் பிறந்தது. அதன்பின் கம்பியில் ஒரு கட்டுப் பழுதுபட்டால், இரு மொடெங்களும் தமக்குள்ளேயே பேசி அதனை மீண்டும் அனுப்பிக்கொள்ளும்; கணினி அதனை அறியவும் வேண்டுவதில்லை. 1990இல் வந்த வி.42 பிஸ் என்னும் நியமம் எழுத்துக்களைச் சுருக்கியும் அனுப்பிற்று.

இனித் தரவிழப்பு இல்லையென எல்லோரும் நம்பினர். ஆயினும் இழப்பு நீங்கவில்லை. பயனாளர் வழக்கம்போலக் கம்பியைப் பழித்தனர். குற்றவாளியோ கம்பியில் இல்லை. அவர்தம் மேசைமேலேயே இருந்தது.

1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாட் கணினியில், மொடெத்திலிருந்து வரும் எழுத்துக்களை ஏற்கும் சில்லு 8250 என்னும் இலக்கமுடையது. அது வந்த எழுத்தொன்றை மட்டுமே வைத்திருக்கும். அடுத்த எழுத்து முழுமையாக வந்து சேருமுன் கணினி முன்னையதை எடுத்தாக வேண்டும். எடாவிடின் முன்னையதன்மேல் அடுத்தது விழும். ஒரு நாற்காலி, அதிலிருப்பவர் எழுமுன்னே அடுத்தவர் வந்து அமர்கின்றார் என்க. செக்கனுக்கு 300 பிற்று வேகத்தில் கணினிக்கு முப்பத்துமூன்று மில்லிசெக்கன் அவகாசம் உண்டு. 9,600 வேகத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிசெக்கன். சுருக்கி வந்த எழுத்துக்களை மொடெம் விரித்துக் கொடுத்தற்கு ஏதுவாகக் கணினிக்கும் மொடெத்துக்கும் இடையேயுள்ள வேகத்தை 115,200 என வைத்தால், செக்கனைப் பதினோராயிரத்து ஐந்நூற்றிருபது கூறாக்கியதில் ஒரு கூறே அவகாசம். அதாவது 87 மைக்கிறோசெக்கன். அக்கணத்திற் கணினி கோப்பொன்றைத் தட்டில் எழுதிக்கொண்டிருந்தால் என் செய்யும்? எழுத்துப் போயிற்று, போனதென்று பயனாளர்க்குச் சொல்வாரும் இல்லை.

இக்குறைக்கு மருந்து பதினாறு எழுத்துக்களைத் தேக்கிவைக்கும் 16550 என்னுஞ் சில்லு. 1987இல் வந்த ஐ.பி.எம். கணினிகளில் இச்சில்லினம் இடம்பெற்றது. அதன் முதற் பதிப்பின் தேக்கிடமே பழுதுடையதாயிருந்தமையால், நஷனல் செமிகொண்டக்டர் கம்பனி 16550ஏ என்னும் திருத்தப் பதிப்பை வெளியிட நேர்ந்தது. மருந்துக்கும் மருந்து வேண்டியிருந்த கதை இது. தேக்கத்தில் 14 எழுத்துச் சேர்ந்தபின் கணினியை அழைப்பதா, 8 சேர்ந்ததும் அழைப்பதா எனத் தெரிந்து அமைக்கவும் வேண்டியிருந்தது. 14 என வைத்தால் அழைப்புக் குறையும், அவகாசமுங் குறையும்; 8 என வைத்தால் அழைப்பு மிகும், அவகாசமும் மிகும்.

தரவையே ஆணையென மயங்கியமை

வேறொரு வகை இழப்பும் உண்டு. மொடெத்தின் தேக்கம் நிரம்பும்போது, "சற்றே நிறுத்துக" என்று அது கணினிக்குச் சொல்லவேண்டும். இதற்கு இரண்டு வழிகள். தனிக்கம்பி வழியே சைகை காட்டல் ஒன்று. எழுத்துக்களிடையே 19 என்னும் எண்ணுடைய குறியை அனுப்பி நிறுத்தி, 17 என்னும் எண்ணுடைய குறியை அனுப்பித் தொடரச்செய்தல் மற்றொன்று. வெறும் எழுத்துரைக்கு இரண்டாவது வழி போதும். ஆயின் படமோ செய்நிரலோ செல்லும்போது 19 என்னும் எண் தரவினுள்ளேயே இயல்பாக வரும். மொடெம் அதனைத் தனக்கிட்ட ஆணையென்று கொண்டு விழுங்கிவிட்டு நின்றுவிடும். முதலாவது வழியைக் கொண்டாலும், மலிவான இணைப்புக் கம்பியிற் சைகைக்குரிய இழைகள் இல்லாவிடின் மொடெம் வாயிருந்தும் ஊமையே. கணினி கொட்டிக்கொண்டேயிருக்க, தேக்கம் வழிந்து எழுத்துச் சிந்தும்.

இதனோடொத்த கதையொன்று ஹேய்ஸ் மொடெத்திற்கும் உண்டு. 1981இல் வந்த அம்மொடெத்திற்குத் தரவும் ஆணையும் ஒரே கம்பியிற் சென்றன. தரவை நிறுத்தி ஆணைக்கு மாறுதற்கு மூன்று கூட்டற்குறிகளை இட வேண்டும். தரவிலேயே மூன்று கூட்டற்குறிகள் வந்தால் யாது செய்வது? அதற்கெனக் குறிகளின் முன்னும் பின்னும் ஒரு செக்கன் மௌனம் இருக்கவேண்டுமென ஹேய்ஸ் கம்பனியார் விதித்து, அவ்வுத்திக்கு ஆக்கவுரிமையும் பெற்றனர். உரிமைப் பணங் கொடுக்க விரும்பாத வேறு சிலர் மௌனத்தை நீக்கி மொடெம் செய்தனர். 1990களின் பிற்பகுதியில், அக்குறிகளும் தொடர்பைத் துண்டிக்கும் ஆணையும் அடங்கிய சிறு செய்தியொன்றை அனுப்பி அத்தகைய மொடெங்களைத் துண்டித்து விளையாடிய குறும்பரும் இருந்தனர். ஒரு செக்கன் மௌனத்தின் விலை அத்துணை!

சேவை நிலையத்திற் துப்பறிந்த முறை

இப்பொழுது இணைய சேவை நிலையத்திற்கு வருவோம். "கோப்பு இறங்கவில்லை, பாதியிற் கெடுகின்றது" என்று வாடிக்கையாளர் முறையிடுகின்றார். அவர் கணினியிலிருந்து நிலையத்தின் கணினி வரையுள்ள பாதை மூன்று துண்டுகள் கொண்டது. வாடிக்கையாளரின் கணினிக்கும் அவர் மொடெத்துக்கும் இடைப்பட்டது முதலாவது. மொடெத்திலிருந்து மொடெம் வரையுள்ள தொலைபேசிப் பாதை இரண்டாவது. நிலையத்தின் மொடெத்துக்கும் அதன் கணினிக்கும் இடைப்பட்டது மூன்றாவது. எத்துண்டில் இழப்பு என்று காண்பதே கலை.

தேர்ந்த பணியாளர் முதலிற் கேட்கும் வினா இது: "கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திற் கெடுகின்றதா, வெவ்வேறு இடத்திற் கெடுகின்றதா?" ஒரே இடத்திற் கெட்டால், அவ்விடத்துத் தரவில் ஏதோவொன்று ஆணையென மயங்கப்படுகின்றது எனக் கொள்ள இடமுண்டு. வெவ்வேறு இடமாயின் கம்பியின் இரைச்சலோ கணினியின் அவகாசக் குறைவோ காரணமாகலாம்.

இரண்டாவது வினா: "அனுப்பும்போதா, பெறும்போதா?" அனுப்பும்போது மட்டும் இழப்பாயின், வாடிக்கையாளரின் மொடெம் "நிறுத்துக" என்று சொன்னது கணினிக்குக் கேட்கவில்லை போலும், இணைப்புக் கம்பியை மாற்றிப் பார்க்கவேண்டும். பெறும்போது மட்டுமாயின், அவர் கணினியின் சில்லு பழையதாகலாம். அன்றி நிலையத்தின் கணினி தன் மொடெத்தின் சைகையை மதியாதிருக்கலாம்.

மூன்றாவது, இருவகைக் கணக்கேடுகளை ஒப்பிடல். மொடெம் தான் மீண்டும் அனுப்பிய கட்டுக்களை எண்ணிவைக்கும். இணைய இணைப்புக்குரிய பி.பி.பி. என்னும் முறையோ தன்னிடத்து வந்த பழுதான பொதிகளைத் தனியே எண்ணிவைக்கும். மொடெத்தின் எண்ணிக்கை மிகுந்து பி.பி.பி.யின் எண்ணிக்கை வெறுமையாயிருந்தால், தொலைபேசிப் பாதை கெட்டது. ஆயினும் மொடெங்கள் அதனைத் திருத்திக் காக்கின்றன. மொடெம் பிழைதிருத்தத்துடன் ஓடிக்கொண்டிருக்கவும் பி.பி.பி. பழுதான பொதிகளைக் கண்டால், இழப்பு தொலைபேசிப் பாதையில் இல்லை. அதன் இரு கரைகளுள் ஒன்றிலே உள்ளது. இவ்வொப்பீட்டைச் செய்யாதவர் தொலைபேசிப் பகுதியாரை வீணே அலைக்கழித்தனர்.

நான்காவது, நிலையத்திற்கே உரிய நோயொன்று. ஒரே இலக்கத்தை அழைப்போரை வரிசையாகவுள்ள பல மொடெங்களுக்குப் பகிர்ந்துவிடுவது வழக்கம். இருபத்துநான்கு மொடெங்களுள் ஒன்று பழுதெனில், அதிலே சென்று விழுந்தவர்க்கு மட்டும் துன்பம். அவர் மீண்டும் அழைத்தால் வேறொரு மொடெம் கிடைக்கும், துன்பமும் மறையும். முறைப்பாடு செய்பவரோ நாளுக்கொருவர். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரித்தால், "உம்முடைய கம்பியிற் குறை" என்றே முடிவு தோன்றும். யார், எம்மணிக்கு, எந்த மொடெத்தில் இணைந்தனர் என்று பதிவேடு வைத்து அதனை ஒருங்கு நோக்கினாலன்றி உண்மை வெளிப்படாது. பழுது ஒன்று, பழி பலர்மேல்.

பி.பி.பி.க்கு முன், 1988இல் விதிமுறையாக எழுதப்பட்ட சிலிப் என்னும் முறையிற் பிழையறியுங் கணக்கே இல்லை. 1994இல் நிலைபெற்ற பி.பி.பி. ஒவ்வொரு பொதிக்கும் சுழற்குறி இட்டது. அதனால் ஒரு புதுமை விளைந்தது. ஓரெழுத்துக் கெட்டால் பொதி முழுவதும் கைவிடப்படும், மேலேயுள்ள ரீ.சீ.பி. என்னும் முறை அதனை மீண்டும் அனுப்பும். ஆகவே கோப்புக் கெடவில்லை, இணைப்பு மந்தமாயிற்று. இழப்பு தாமதமென வேடம் பூண்டது. பதினாயிரம் எழுத்துக்கு ஒன்றே சிதறிப் போவதாகக் கொள்வோம். 1,500 எழுத்துக்கள் கொண்ட பொதிகளில் ஏறத்தாழ ஏழுக்கொன்று வீழும். 576 எழுத்துக்கள் கொண்ட பொதிகளாயின் பதினெட்டுக்கொன்றே வீழும். அதன்மேலும், 1988க்குப் பிந்திய ரீ.சீ.பி., பொதி வீழ்ந்தாற் பாதையில் நெரிசல் என்று கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நெரிசலில்லாப் பாதையில் நெரிசலென எண்ணி ஊர்ந்து செல்லும் வண்டிபோல அது சென்றது.

முனைக்கு முனை

இவ்வளவு துன்பத்திற்கும் அடியிலுள்ள உண்மை வி.42 நியமம் பிறக்குமுன்னரே எழுத்தில் வந்துவிட்டது என்பதே இவ்வரலாற்றின் வியப்பு. மசாசூசெற்ஸ் தொழில்நுட்பவியல் நிறுவனத்தைச் சேர்ந்த சோல்சர், றீட், கிளார்க் என்னும் மூவர் 1981இல் ஒரு மாநாட்டில் அளித்து 1984இல் விரித்து வெளியிட்ட கட்டுரையில் அவ்வுண்மை விளக்கப்பட்டது.

அவர்கள் தம் நிறுவனத்து அனுபவமொன்றைச் சான்று காட்டினர். அங்கே பல வலையமைப்புக்கள் இடைநிலைக் கணினிகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு துண்டுப் பாதையிலும் பிழையறியுங் கணக்கு இருந்தது. ஆதலின் இனித் தாம் சரிபார்க்க வேண்டுவதில்லையென்று செய்நிரல் எழுதுவோர் நம்பியிருந்தனர். இடைநிலைக் கணினியொன்றோ, வந்த தரவைத் தன் உள்ளே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றி வைக்கும்போது, ஏறத்தாழப் பத்து இலட்சம் எழுத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டெழுத்தை இடம் மாற்றிற்று. பாதையிற் பிழையில்லை, கணக்கும் பிழையில்லை. பிழை நேர்ந்தது இரு பாதைகளுக்கும் இடையே, கணக்கின் காவல் இல்லாத இடத்தில். நாளடைவில் இயக்க முறைமையொன்றின் மூலக்கோப்புக்கள் பல கெட்டன. அவற்றுக்குரியோர் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்து வைத்து, வரிக்கு வரி கண்ணால் ஒப்பிட்டுத் திருத்தவேண்டியதாயிற்று.

இதிலிருந்து அவர்கள் கண்ட முடிவு யாதெனின்: இடைவழியிலுள்ளோர் ஒவ்வொருவரும் செய்யுங் காவல் வேகத்திற்கு உதவும்; நிறைவான உறுதியைத் தராது. அனுப்பியவரும் பெற்றவரும், முனைக்கு முனை, தாமே ஒப்பிட்டாலன்றி உறுதியில்லை என்பதே. மொடெங்கள் இரண்டும் பிழையின்றிப் பேசிக்கொண்டிருக்க, அவற்றின் கரையிலே எழுத்துத் தொலைந்த கதை இதற்கே மற்றோர் எடுத்துக்காட்டாம்.

2000ஆம் ஆண்டில் ஸ்ரோன், பாட்றிஜ் என்னும் இருவர் இணையப் பொதிகளைச் சோதித்து ஓராய்வு வெளியிட்டனர். துண்டுப் பாதைகளின் சுழற்குறிக் கணக்கு நானூறு கோடிக்கு ஒரு பிழையையே தப்பவிடும் என்பது கணிதம். ஆயினும் இடத்துக்கேற்ப 1,100க்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரையான பொதிகள், அக்காவலைக் கடந்து வந்தும், முனையிலுள்ள ரீ.சீ.பி.யின் சோதனையில் தவறின. கணினிகளின் உள்ளேயும் இடைநிலைக் கருவிகளின் நினைவகத்திலும் நேர்ந்த பழுதுகளே பல. எழுத்துக்கள் பெரும்பாலும் தொலைந்தது வழியிலன்று, கைமாறும் இடத்திலே.

முடிவுரை

ஹமிங்கின் திங்கட்கிழமைச் சினத்திலே தொடங்கிய இவ்வரலாறு நமக்குக் காட்டுவது யாது? முன்னேற்றம் ஒவ்வொன்றும் இழப்பை ஒழித்துவிடவில்லை; அதனை வேறோரிடத்திற்கு நகர்த்திற்று. கம்பியிலிருந்து சில்லுக்கும், சில்லிலிருந்து இணைப்பிழைக்கும், அங்கிருந்து இடைநிலைக் கணினியின் உள்ளறைக்கும் அது நகர்ந்தது. பழியோ நகராமற் பழைய இடத்திலேயே நின்றது. கம்பியைப் பழித்தல் எளிது. அது வெளியே தெரிவது, மறுத்துப் பேசாதது. எண்ணிப் பார்த்தவரே உண்மையைக் கண்டனர். ஓரிடத்தில் எத்தனை புகுந்தன, எத்தனை வெளிவந்தன என்று இரண்டு எண்களை அருகருகே வைத்தவர்க்கு எழுத்துப் போன வழி தெரிந்தது.

சங்கங்களிற் பொறுப்பேற்கும் இளைஞர்க்கும் இதிலோர் பாடமுண்டு. செயலாளர் எழுதினார், பொருளாளர் பெற்றார், உறுப்பினர்க்கு அறிவிக்கப்பட்டது என்று ஒவ்வொருவர் குறிப்பேடும் நேராயிருத்தல் நன்றே. ஆயினும் முதலில் அனுப்பியவர், இறுதியிற் பெறவேண்டியவரிடம், "கிடைத்ததா?" என்று ஒருமுறை கேட்டாலன்றிக் கடமை நிறைவுறாது. "பெற்றேன்" என்ற மறுமொழி வரும்வரை அடுத்த கட்டுக்குச் செல்லாத அச்சிறு செய்நிரலை ஆக்கிய வாட் கிறிஸ்ரென்சன் 2024ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் செய்நிரலை இன்று ஓட்டுவார் சிலரே. அது கேட்ட கேள்வியை நாம் கைவிடலாகாது.